போஸ்டரின் தலையில் இதழ்ப் பெயரை ஒட்டினால் அட்டை ஆகிவிடுமா?

கேள்வி: நாங்கள் நான்கு மாணவர்கள் சேர்ந்து 14 நிமிட த்ரில்லர் ஒன்று எடுத்திருக்கிறோம். நள்ளிரவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ளும் இரண்டு பேரின் கதை. விளம்பரத்துக்காகப் போஸ்டரோடு ஒரு சினிமா இதழின் அட்டையும் வடிவமைத்துத் தரச் சொல்லி வகுப்பில் பாடப்பணி கொடுத்தார்கள். போஸ்டர் ஏற்கெனவே தயார் என்பதால் அதையே எடுத்து மேலே இதழின் பெயரையும் கீழே பார்கோடையும் வைத்துக் கொடுத்தோம். "இது இன்னும் போஸ்டர் மாதிரிதான் இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கே கோட்டை விட்டோம்?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டையும் பார்த்தேன். போஸ்டர் நன்றாக வந்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடிய லிஃப்ட் கதவு, நடுவில் நூல் அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு, கீழே படத்தின் பெயர், உள்ளே என்ன நடக்கிறதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் போஸ்டரில் பேசுவது படம், அட்டையில் பேசுவது இதழ். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

உங்கள் அட்டையில் இன்னும் என்னென்ன போஸ்டர் வேலை செய்கிறது என்று பாருங்கள். அடியில் நடிகர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று ஒல்லி எழுத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அது போஸ்டருக்கு உரியது, எடுத்துவிடுங்கள். "வெளியே போக வழி இல்லை" என்ற வாசகம் படம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, அதுவும் வேண்டாம். படத்தின் பெயர் இதழின் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறது. ஓர் இதழ் தன் அட்டையில் தன் பெயரைச் சின்னதாக்கிக்கொண்டு இன்னொருவர் பெயரைப் பெரிதாகப் போடுவது அபூர்வம். இதழ்ப் பெயர்தான் மேலே, அகலமாக, முதலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். படத்தின் பெயர் அட்டைக் கட்டுரையின் தலைப்பாக, முகத்துக்குக் கீழே நெஞ்சுப் பகுதியில் வந்தால் போதும்.

முகம் என்றேன் இல்லையா, அதுதான் உங்கள் அட்டையில் இல்லவே இல்லை. போஸ்டரில் மூடிய கதவு போதும். இதழ் அட்டையிலோ யாராவது ஒருவர் வாசகரை நேராகப் பார்க்க வேண்டும், கண்ணோடு கண் சேரும்போதுதான் கை இதழை எடுக்கிறது. உங்கள் கதைக்கு நான் இப்படி யோசிப்பேன்: பெண் பாத்திரம் மட்டும், நெஞ்சு வரை. பாதி திறந்த கதவின் இடுக்கிலிருந்து வரும் அந்த ஒற்றை வெளிச்சக் கோடு நெற்றியிலிருந்து கன்னம் வழியாக இறங்கட்டும், ஒரு கண் வெளிச்சத்தில், இன்னொன்று நிழலில். போஸ்டரில் இருந்த அதே கோடு என்பதால் இரண்டையும் பார்ப்பவருக்கு ஒரே படம் என்று புரிந்துவிடும். ஒட்டுறவுக்கு அது போதும், நிறத்தையும் எழுத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

அப்புறம் அட்டையில் வரும் வரிகள். "மாணவர்களின் வித்தியாசமான முயற்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படத்தின் மேல் வேண்டுமானாலும் இதை ஒட்டலாம், அதனால் இதில் ஒன்றுமே இல்லை. உள்ளே ஒரு கட்டுரை இருக்கிறது, அதைப் படித்தால் எனக்கு என்ன தெரியவரும் என்று வாசகர் கேட்பார். "நாலடி லிஃப்டுக்குள் கேமராவை எங்கே வைத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், படம் எடுக்க ஆசைப்படுகிற எவரும் பக்கத்தைத் திருப்புவார். இது இதழின் குரல், வெளியிலிருந்து உங்களைப் பார்த்து ஆர்வப்படுகிற குரல். கூடவே உங்கள் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத வரிகள் மூன்று நான்கு வேண்டும், வேறு ஒரு பேட்டி, ஒலிப்பதிவு பற்றி ஒரு தொடர், குறும்பட விழாக்களுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று எதுவானாலும் சரி. எல்லா வரியும் ஒரே படத்தைப் புகழ்ந்தால் அது இதழ் மாதிரியே தெரியாது. இந்த வரிகளை முடிந்தவரை இடது ஓரத்தில் வையுங்கள். கடையில் இதழ்களை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கும்போது பெரும்பாலும் இடது பக்கம்தான் வெளியே தெரியும், அந்த வழக்கம் அங்கிருந்து வந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாங்காத விருதையும் யாரும் எழுதாத விமர்சனத்தின் ஐந்து நட்சத்திரத்தையும் போடாதீர்கள். டிசைன் பயிற்சிதானே என்று தோன்றும். ஆனால் இந்த அட்டை கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்ததும் யாருக்கும் அது பயிற்சி என்று தெரியாது. பிரபலமான இதழின் பெயரையும் எழுத்து வடிவத்தையும் எடுத்துப் போடுவதும் அப்படித்தான். அது அவர்களுடைய வணிகச் சின்னம், அதோடு அவர்கள் எழுதாததை எழுதியதாகக் காட்டுகிறோம். உங்களுக்கென்று ஓர் இதழைக் கற்பனை செய்து பெயர் வையுங்கள், அது யாருக்கான இதழ் என்று முடிவு செய்யுங்கள். நட்சத்திரச் செய்திகள் தரும் இதழா, படம் எடுப்பவர்களுக்கான இதழா என்பதைப் பொறுத்து எழுத்துரு, நிறம், வரிகளின் எண்ணிக்கை எல்லாமே மாறும்.

பார்கோடும் அதேபோல். கடையில் விற்கும் இதழ்களின் பார்கோடு பெரும்பாலும் 977 என்று தொடங்கும், தொடர் வெளியீடுகளுக்கான ஐஎஸ்எஸ்என் எண் அதற்குள்தான் இருக்கும். வேறு இதழிலிருந்து வெட்டி ஒட்டினால் அந்த இதழின் எண் உங்கள் அட்டைக்கு வந்துவிடும். பாடப்பணிக்கு மாதிரிக் கட்டம் ஒன்று போதும்.

கேள்வி: அட்டைக்குத் தனியாகப் புகைப்படம் எடுக்க வேண்டுமா? எங்கள் படம் 4கே-யில் எடுத்தது, அதிலிருந்தே ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்ளலாமே?

பதில்: தனியாகவே எடுங்கள். ஏ4 அட்டையை 300 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். 4கே வீடியோ ஃப்ரேமின் உயரம் 2160 பிக்சல்தான், கிடைமட்டப் படத்தை நெட்டுக்குத்தாக வெட்டி அட்டை உயரத்துக்கு நீட்டினால் சுமார் 185 டிபிஐ கிடைக்கும். ஃபுல் ஹெச்டி என்றால் அதிலும் பாதி. 185-ஐயாவது எப்படியோ சமாளிக்கலாம், ஆனால் வினாடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகம் பொதுவாக 1/48 அல்லது 1/50 வினாடியில் இருக்கும், தலை கொஞ்சம் திரும்பினாலே கண் இமை கலங்கிவிடும், ஓடும்போது தெரியாத கலங்கல் நிறுத்திப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அதைவிட முக்கியம், கதைக்குள் நடிகர் கேமராவைப் பார்ப்பதில்லை. அட்டைக்கு வேண்டிய அந்த நேர்ப் பார்வை உங்கள் 14 நிமிடத்தில் ஓரிடத்தில்கூட இருக்காது.

அடுத்த முறை படப்பிடிப்பு நடக்கும்போதே, லைட்டிங்கைக் கலைப்பதற்கு முன்னால், அதே உடை அதே மேக்கப்பில் ஸ்டில் எடுத்துவிடுவது நல்லது. இந்தப் படத்துக்கு அதையெல்லாம் திரும்ப அமைத்து எடுங்கள். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள், இதழ்ப் பெயர் அங்கே வர வேண்டும். பக்கவாட்டில் வரிகள் உட்கார வெறுமையான பின்னணி வேண்டும். இதை அப்போதே யோசிக்காவிட்டால் பிறகு முகத்தின் மேலேயே எழுத்து ஓடும். ஷட்டர் 1/125-க்குக் குறையாமல் இருக்கட்டும், ஃபோகஸ் கண்ணில். முக்காலியை நகர்த்தாமல் சிரிப்பு, பயம், வெறித்த பார்வை என்று வரிசையாக எடுத்துத் தள்ளுங்கள், எது அட்டைக்கு என்பதைப் பிறகு சின்ன அளவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். கைபேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் முகமும் இதழ்ப் பெயரும் தெரிந்தால் அந்தப் படம் தேறிவிட்டது.

கேள்வி: தலை இதழ்ப் பெயரை மறைக்கிற மாதிரி வைத்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தமிழ்ப் பெயரைப் படிக்க முடியவில்லை. ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி வேறு விழுகிறது.

பதில்: தலை பெயரின் மேல் ஏறி நிற்பது படத்துக்கு ஆழம் தரும், செய்யலாம். ஆனால் தமிழில் எழுத்தின் உச்சியில்தான் புள்ளியும் இகர, ஈகார வளைவும் உட்கார்ந்திருக்கின்றன. புள்ளி மறைந்தால் 'ம்' போய் 'ம' ஆகிவிடும், வளைவு மறைந்தால் 'தி' போய் 'த'. அதனால் கீழேயிருந்து பாதி உயரம் வரைக்கும் தலை மறைக்கலாம், உச்சியைத் தொடக் கூடாது. இதுவரை பார்க்காத இதழ் என்பதால் வாசகர் ஊகித்துப் படிக்கவும் முடியாது. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கீ'யில் போய் இடிக்கும்.

கொம்பு பிரச்சினை எழுத்துருவால் வருவதில்லை, அமைப்பால் வருகிறது. பழைய ஃபோட்டோஷாப் என்றால் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புது ஃபைல் திறந்து தட்டச்சு செய்யுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழ் நேராகவே வந்துவிடும். எழுத்துருவுக்கு கேட்டமரான் (Catamaran), முக்தா மலர் (Mukta Malar) இரண்டும் இலவசம், பல தடிமன்களில் கிடைப்பதால் ஒரே குடும்பத்தை வைத்து அட்டை முழுவதையும் முடிக்கலாம்.

அச்சுக்கு அனுப்புவதாக இருந்தால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் படத்தை நீட்டிவிடுங்கள், வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாது. எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றியதும் திரையில் மின்னிய நீலம் மங்கும், இருட்டுப் படம் காகிதத்தில் இன்னும் இருட்டாக விழும். லிஃப்ட் படம் வேறு, பாதி முகம் நிழலில். அந்த நிழல் பக்கத்துக் கண் தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றி, ஒரே ஒரு பிரதி அச்செடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.