தெருக் குழுவும் திருட்டு போனும்: வாசகர் கேள்விகள்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேடிக்கை. மோசடி போன் வந்தால் பையன்கள் பாட்டி குரலில் பேசி, அரை மணி நேரம் இழுத்தடித்து, ரெக்கார்ட் செய்து போடுகிறார்கள். இதனால் பயன் உண்டா? (திருவொற்றியூர்)

கொஞ்சம் உண்டு. அந்த அரை மணி நேரம் மோசடிக்காரன் நிஜப் பாட்டி யாரிடமும் பேசவில்லையே! வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயர்க்காரர் மோசடிக்காரர்களின் கணினிக்குள்ளேயே புகுந்து பார்த்தவர். அப்பேர்ப்பட்டவரே 2021-ல், யூடியூப் ஊழியர் என்று சொல்லி வந்தவனை நம்பித் தன் சேனலைத் தன் கையாலேயே அழித்தார். பிறகுதான் அது மீண்டது.

அதனால் பையன்கள் சொந்த எண்ணில் விளையாட வேண்டாம். மோசடிக்காரன் அனுப்பும் ஏ.பி.கே. ஃபைலை (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) தொடவே கூடாது. பணம் போகவில்லை என்றால் அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யுங்கள். ஏமாந்தவரை யாரும் கேலி செய்யாதிருக்க, பிரவுனிங் கதையையும் குழுவில் போடுங்கள். "இதுகூடத் தெரியாதா பெரியவரே?" என்று ஒருவர் எழுதினால் போதும், அடுத்து ஏமாறுபவர் வாயே திறக்க மாட்டார். என் பெரியம்மா, பேத்தி திட்டுவாள் என்று பயந்தே, தான் ஏமாந்ததை மூன்று நாள் மூடி மறைத்தார்.

இன்று ராத்திரி கரண்ட் கட் என்று மெசேஜ் வந்தது. அந்த எண்ணுக்குப் பேசிய கணவர் ஓ.டி.பி.யைச் சொல்லி, பணம் போய்விட்டது. பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்கிறார். (தண்டையார்பேட்டை)

உங்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். இது மற்றவர்களுக்காக. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள். போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. நிமிடங்களில் நாலைந்து கணக்கு மாறி, ஏ.டி.எம்.மில் ரொக்கமாகிவிடும். நடுவில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் முடக்க முடியும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓ.டி.பி.யை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பிள்ளையிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

வீடியோ காலில் 'மும்பை போலீஸ்' வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட், அறையை விட்டு வெளியே வரக் கூடாது' என்றதாம். எங்க நைனா நடுங்கிவிட்டார். (ராயபுரம்)

சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நாலு பேரிடம் பேசச் சொல்லுங்கள். அவன் பயப்படுவது அதற்குத்தான்.

என் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் பேரன் யாருக்கோ 5,000 ரூபாய்க்கு 'வாடகை'க்குக் கொடுத்திருக்கிறான். தப்பா? (வியாசர்பாடி)

தப்புதான் அம்மா, பெரிய தப்பு. மேலே சொன்ன பணமெல்லாம் தங்கிப் போகும் இடம் இப்படிப்பட்ட கணக்குகளே. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரை. இன்றே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, நடந்ததை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அங்கிருந்து நேரே காவல் நிலையம். பேரனையும் கூட்டிப் போங்கள்.