பதினைந்து வயது மகனுக்குச் சேவை மனப்பான்மையை எப்படிப் பழக்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறான், பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். ஆனால் அடுத்தவருக்கு ஓர் உதவி என்றால் அசைவதில்லை. "விஐஏ எல்லாம் பள்ளியிலேயே முடிச்சாச்சும்மா" என்று சொல்லிவிடுகிறான். (விஐஏ என்பது பள்ளி மூலம் மாணவர்கள் செய்யும் சமூக சேவைத் திட்டம்.) விசுவாசம் என்றால் இதுவும் சேர்ந்ததுதான் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்பது உங்கள் கேள்வி.

நான் போதகர் இல்லை. வாரத்தில் ஐந்தரை நாள் கப்பல் பட்டறையில் வேலை. மிச்ச நேரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபப் பிள்ளைகளோடு இருக்கிறேன், 14 வருடமாக. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மகன் சொல்வது பொய் இல்லை. இங்கே சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைக்குச் சேவை என்பது ஒரு கணக்கு. முன்பு சிஐபி என்றிருந்ததை 2012இல் விஐஏ என்று மாற்றினார்கள். நோக்கம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது இணைப்பாட நடவடிக்கைப் பதிவோடு சேர்ந்து, உயர்நிலைப் பள்ளி முடிந்து தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது அதிகபட்சம் 2 புள்ளி குறைத்துக் கொடுக்கிறது (இங்கே புள்ளி குறைந்தால்தான் நல்லது). அந்த 2 புள்ளிக்காக ராத்திரி தூங்காத பெற்றோரை எனக்குத் தெரியும். பிள்ளை என்ன நினைப்பான்? கணக்கு முடிந்தால் வேலை முடிந்தது என்றுதானே.

ஆனால் பாதிப் பழி நம் சபைகளுடையது. 'ஊழியம்' என்ற சொல்லையே பாருங்கள். என் பாட்டிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ராஜாவின் அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்கு, ரோடு போடு என்று தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளின் தலையில்தான் அது விழும். ஞாயிற்றுக்கிழமையாவது எங்களை விட்டுவிடுங்கள் என்று அங்கே கிறிஸ்தவர்கள் கேட்க வேண்டியிருந்தது. தமிழ் வேதாகமத்தில் இயேசுவுக்கு வாய்த்ததும் அதே சொல்தான்: "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தேன் என்கிறார். இன்றைக்கு நம் சபையில் 'ஊழியக்காரர் வருகிறார்' என்றால் என்ன நடக்கிறது? முதல் வரிசையில் நாற்காலி, கையில் மைக், அப்புறம் தனியாகச் சாப்பாடு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் மேடையில் கிட்டார் வாசிப்பதுதான் ஊழியம் என்று நினைத்தால் அவன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

என்னுடைய முதல் முயற்சி எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிசம்பர் மாதம் 18 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். சிவப்புத் தொப்பி, கிட்டார், பிஸ்கட் டின். அங்கே நாலைந்து பாட்டிமார் வசந்தம் தமிழ் டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டிவியை நிறுத்திவிட்டு ஆறு பாட்டுப் பாடினோம், போட்டோ எடுத்தோம். கடைசியில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "முடிஞ்சிருச்சாப்பா? அப்ப டிவியப் போட்டுட்டுப் போ" என்றார். பிள்ளைகள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய அரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குச் சேவை என்று பெயர் வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு கூட்டமாகப் போவதையே விட்டுவிட்டோம். இரண்டு பிள்ளைகள், கூட ஒரு பெரியவர், ஒரே ஒரு வீடு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. (பெரியவர் இல்லாமல் பிள்ளையை யார் வீட்டுக்கும் தனியாக அனுப்பாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.)

அப்படிப் போனவர்களில் ஒருவன் உங்கள் மகனைப் போலத்தான். அம்மா சொன்னதற்காக வந்தவன், போனை விட்டுக் கண்ணை எடுக்காதவன். அவனுக்குக் கிடைத்தது ரெட்ஹில்லில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டி. சுவரில் மாரியம்மன் படம், மூலையில் யார் யாரோ கொடுத்த அரிசி மூட்டையும் மைலோ டின்னும். முதல் நாள் அவன் ஒரு மணி நேரமும் வாசலிலேயே நின்றான். இரண்டாம் தடவை போனபோது, "பாட்டி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கச் சொன்னேன். கேட்டான். பாட்டிக்கு அரிசியும் வேண்டாம், மைலோவும் வேண்டாம். "டெக்கால முருங்கைக்கீரை நல்லா இருக்கும். மூட்டு வலி, என்னால போக முடியல" என்றார்.

அடுத்த முறை அவனும் கூட்டாளியும் ஔட்ரம் பார்க்கில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவின் டெக்கா சந்தைக்குப் போய், ஒரு கட்டுக் கீரையோடு வந்தார்கள். பாட்டி பிரித்துப் பார்த்தார். "இது அகத்திடா. நான் என்ன துவாதசிக்கா கேட்டேன்?" பையனுக்கு அகத்தியும் தெரியாது, துவாதசியும் தெரியாது. கூகுளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஃபாஸ்டிங் முடிக்கிறப்ப சாப்பிடுறதாமே" என்று என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அடுத்த முறை முருங்கையைச் சரியாக வாங்கி வந்தான். இலையைக் கிள்ளி எடுத்துக் கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாங்கினானாம்.

அப்புறம் பரீட்சை வந்தது, ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை. அடுத்த தடவை கதவைத் திறந்ததுமே பாட்டி, "போன வாட்டி ஏன் வரல? மத்தியானம் வரைக்கும் சாப்பிடாம இருந்தேன்" என்றார். அவன் முகம் மாறிவிட்டது. வீட்டிலும் பள்ளியிலும் எல்லாரும் அவனுக்காகத்தான் எதையாவது செய்வார்கள். அவன் வராமல் போனதால் ஒருவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் அவனைக் கூப்பிட வேண்டியிருந்ததில்லை.

என் அனுபவத்தில் பதின்ம வயதுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது இதுதான்: தனக்காக ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பது. நல்ல சமாரியன் கதையை நாம் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு நிறுத்திவிடுகிறோம். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டு அவன் சொல்வதைக் கவனியுங்கள், மேலே செலவானால் "நான் திரும்பிவரும்போது" தருகிறேன் என்கிறான். போய்விட்டுத் திரும்பி வருகிறவன் அவன். நம் டிசம்பர் பவனிகளில் இல்லாதது அதுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன், கொஞ்சம் கசக்கும். உங்கள் வீட்டில் பணிப்பெண் இருக்கிறாரா? மகன் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள்? பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் பகுதியை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டை மேசையிலேயே விட்டுப் போகிற பிள்ளையிடம், பசித்தவருக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லும் மத்தேயு 25ஐப் பேச முடியாது. நான் பேசிப் பார்த்திருக்கிறேன். தட்டில் தொடங்குங்கள், அப்பாவின் தட்டிலிருந்து. எங்கள் வீட்டில் நான் தொடங்கியபோது என் மனைவி மூன்று நாள் சந்தேகமாகவே பார்த்தாள்.

இரண்டாவது, நீங்களும் போக வேண்டும். பிள்ளையை எம்ஆர்டி நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வேலை இல்லை இது. பாரிஸ் நகரில் 1833இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர், 20 வயது, நண்பர்களோடு ஏழைகளின் வீடு தேடிப் போகத் தொடங்கினார். சபையின் பழம்பெருமை இருக்கட்டும், இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு விவாதத்தில் யாரோ கேட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம். நான் மெத்தடிஸ்ட் வீட்டில் பிறந்தவன், ஆனாலும் இந்தக் கத்தோலிக்க இளைஞரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்தச் சபை சிங்கப்பூரிலும் இருக்கிறது, வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் இன்றும் அதன் முக்கிய வேலை. இதில் எனக்குப் பிடித்தவர் இன்னொருவர்: ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரி. எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று அந்த மாணவர்களுக்கு வழிகாட்டியவர் அவர்தான். உற்சாகம் பையன்களிடம் இருந்தது, முகவரி அவரிடம் இருந்தது. பெற்றோரின் வேலை அந்த அம்மையாருடையது.

முகவரிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் புளோக்கிலேயே பாருங்கள். அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வந்தும் போனில் எடுக்கத் தெரியாமல் வைத்திருக்கும் ஒரு தாத்தா இருப்பார். அவருடைய சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாள) கடவுச்சொல்லை மகன் தொட வேண்டாம். சமூக மன்றத்துக்குக் கூட்டிப் போனால் அங்கே காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்க உதவுவார்கள். போகிற வழியில் தாத்தா பேசுவதைக் கேட்டால் போதும், அவரோடு போவதே பெரிய உதவி.

இன்னொன்று, நம் பிள்ளைகளிடம் மட்டுமே இருப்பது தமிழ். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை கூடுகிற வெளிநாட்டுத் தொழிலாளர்களில் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரத்துக்காரர்கள் ஏராளம். மருத்துவமனைக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தால் தவிப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண், பள்ளியில் தமிழுக்கு நல்ல மதிப்பெண் வாங்குகிறவள், ரத்தப் பரிசோதனைக் கடிதத்தைப் படித்துவிட்டு, "அண்ணே, உண்ணாநோன்பு இருந்து வாங்க" என்று சொன்னாள். அவர் பயந்துபோய், "எதுக்குப் பாப்பா உண்ணாவிரதம்?" என்றார். 'வெறும் வயித்துல வரணும்' என்பதை அவள் அன்றைக்கு அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். உதவப் போன இடத்தில் கற்றுக்கொண்டு வருவது இந்த வயதில் ரொம்ப நல்லது. 'நான் கொடுக்கிறவன்' என்ற மிதப்பு வராது.

ஒரு கண்டிப்பு. மதப் பிரசாரக் கைப்பிரதி கொண்டு போகக் கூடாது என்று எங்கள் குழுவில் முடிவு. சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது, அது வேறு விஷயம். என் காரணம் எளிது: கடிதத்தைப் படித்துக் காட்ட உங்களை நம்பி நிற்பவரால் நீங்கள் நீட்டுகிற காகிதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதைப் பயன்படுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கீரை வாங்கி வந்த பையனே ஒருநாள், "பாட்டிக்காக ஜெபம் பண்ணலாமா அங்கிள்?" என்று கேட்டான். தாராளமாகப் பண்ணு, உன் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு பண்ணு என்றேன். மத்தேயு 6இல் அப்படித்தானே இருக்கிறது.

விஐஏ மணி நேரத்தில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்பான். பள்ளி ஒத்துக்கொண்டால் சேர்க்கட்டும், பெரிய பாவம் இல்லை. போட்டோ மட்டும் வேண்டாம்.

எத்தனை நாளில் மாறுவான் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் குழுவில் மூன்று தடவை வந்துவிட்டு நின்றவர்கள்தான் அதிகம். அவர்களை நான் துரத்துவதில்லை. அகத்திக்கீரைக்காரன் இப்போது தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருக்கிறான், தலை மொட்டை. முகாமிலிருந்து வெளியே விடும் சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் டெக்காவில் இறங்குகிறான் என்று அவன் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். போன மாதம் பாட்டியிடம் கேட்டேன், பையன் வருகிறானா என்று. "வர்றான். இப்பவும் முத்தின கீரையாத்தான் வாங்கிட்டு வர்றான்" என்றார்.