சுவரை விட்டு விலகும் சங்கிலி

கேள்வி: நுண்கால்வாயில் பாலிமர் கரைசல் பாயும்போது நீண்ட மூலக்கூறுகள் சுவரோரத்தை விட்டு நடுப்பகுதியை நோக்கி நகரும் என்று படித்தேன். நான் எழுதிய கணினி உருவகத்தில் அவை அவ்வாறு நகரவே இல்லை. பிழை எங்கே இருக்கக்கூடும்?

பதில்: சங்கிலியைக் கணக்கிட்ட நீங்கள், அதைச் சுற்றியுள்ள திரவத்தைக் கணக்கிடாமல் விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். புதிதாக நுழைவோர் பெரும்பாலும் 1953இல் அறிவியலாளர் ரவுஸ் முன்வைத்த மாதிரியிலிருந்தே தொடங்குவர். அதில் மூலக்கூறு என்பது சுருள்வில்களால் இணைந்த மணிகளின் வரிசை. ஒவ்வொரு மணியும் திரவத்தின் உராய்வையும் வெப்பத்தால் எழும் தற்செயல் உதைகளையும் மட்டுமே உணரும். சுவரில் சுழியாகவும் நடுவில் உச்சமாகவும் உள்ள பரவளையத் திசைவேகத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், சங்கிலி நீள்வதும் குட்டிக்கரணம் போடுவதும் திரையில் அழகாகவே தெரியும் (அந்த அழகுதான் பலரை ஏமாற்றுகிறது). ஆனால் சுவரை விட்டு விலக அதற்குக் காரணம் எதுவும் இராது. நீண்டு சுவருக்கு இணையாகக் கிடப்பதால் முன்னிலும் நெருங்கிவிடவும் கூடும்.

உண்மையில் ஒரு மணி நகரும்போது அருகிலுள்ள திரவத்தையும் உடன் இழுக்கிறது. அந்த அசைவு மற்ற மணிகளையும் எட்டுகிறது. 1956இல் அறிவியலாளர் சிம் இதைச் சேர்த்துச் சங்கிலியின் இயக்கத்தைக் கணக்கிட்டார். கால்வாயில் சுவரும் இதில் பங்கேற்கிறது: நீட்டப்பட்ட சங்கிலி தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுப்பதால் திரவத்தில் எழும் ஓட்டம், திரவம் வழுக்க இயலாத சுவரின் அருகே உருமாறி, சங்கிலியையே சுவரிலிருந்து அப்பால் தள்ளுகிறது. ஆகவே சுவரின் விளைவையும் உள்ளடக்கிய இயங்குதிறன் அணியை, அதாவது ஒரு மணியின் மீதான விசை மற்ற மணிகளை எவ்வளவு நகர்த்தும் என்று கூறும் எண் அட்டவணையை, பயன்படுத்துங்கள். அல்லது திரவத்தைக் கட்டங்களில் தனியே கணக்கிடும் லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையுடன் சங்கிலியைப் பிணையுங்கள். முதல் வழியில் அணியை நேரடியாகக் காரணிப்படுத்தினால், மணிகள் இருமடங்காகும்போது வேலை எட்டு மடங்காகும்.

வைசன்பெர்க் எண்ணையும், அதாவது திசைவேகச் சரிவைச் சங்கிலியின் தளர்வு நேரத்தால் (நீண்ட சங்கிலி மீண்டும் சுருள எடுக்கும் நேரம்) பெருக்கி வருவதையும், பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒன்றைவிட மிகக் குறைவாக இருந்தால் சங்கிலி நீளாது; நீளாத சங்கிலி விலகவும் செய்யாது. கால்வாயின் அகலம் சங்கிலிச் சுருளின் அளவை ஒட்டியே இருந்தாலும் விளைவு மங்கிவிடும்.

கேள்வி: மணிகளை விட்டுவிட்டு அணு அணுவாகவே கணக்கிடலாமே?

பதில்: இயலாது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் லாம்டா வைரஸின் டி.என்.ஏ.வில் 48,502 காரஇணைகள் உள்ளன. அதன் முழுநீளம் ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டர். அணுநிலைக் கணக்கின் காலப்படி ஒரு ஃபெம்டோநொடி (நொடியில் நூறு கோடி கோடியில் பத்துப் பங்கு) அளவினது. இம்மூலக்கூறின் தளர்வு நேரமோ நீரில் நொடியின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதை ஒருமுறை எட்டவே நூறு லட்சம் கோடி படிகள் வேண்டும், அதுவும் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அனைத்தையும் சுமந்தபடி. பத்துப் பன்னிரண்டு மணிகளே இவ்வேலைக்குப் போதுமானவை. சுருள்வில்லை மட்டும் நேர்விகித வில்லாக, அதாவது விசைக்கு ஏற்ப எல்லையின்றி நீளும் வில்லாக, வைத்துவிடாதீர்கள். வேகமான ஓட்டத்தில் உங்கள் சங்கிலி தன் முழுநீளத்தையும் தாண்டி நீண்டுவிடும்.