பழைய துப்பறியும் கதைகளை இன்றைய காலத்துக்குக் கொண்டுவரும் தொடர்களில் எந்த மாற்றம் எடுபடுகிறது, எது சொதப்புகிறது?

மாற்றி வைத்த பொருள், பழைய பொருள் செய்த வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். (சில முடிவுகளைச் சொல்லாமல் விளக்க முடியாது. இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

1890இல் வந்த ஆர்தர் கோனன் டாயலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில், வாட்சன் ஒரு பாக்கெட் கடிகாரத்தை நீட்டித் தன் துப்பறிவாள நண்பர் ஷெர்லாக் ஹோம்ஸைச் சோதிப்பார். சாவித் துளையைச் சுற்றி ஏகப்பட்ட கீறல்கள். சாவி கொடுத்த கை நடுங்கியிருக்கிறது, ஆகவே உங்கள் அண்ணன் குடிகாரர் என்பார் ஹோம்ஸ். பிபிசியின் 'ஷெர்லாக்' (2010) கடிகாரத்தை மொபைல் போன் ஆக்கியது. கீறல்கள் சார்ஜர் செருகும் இடத்துக்கு நகர்ந்தன, தர்க்கம் அப்படியே நின்றது. போதாததற்கு ஒரு குறும்பு வேறு: போனில் பெயர் பொறித்திருக்கும் 'ஹாரி' அண்ணன் இல்லை, ஹாரியட் என்கிற சகோதரி. மூலத்தைப் படித்தவரையும் ஏமாற்றிவிட்டார்கள்.

அந்தத் தொடரின் அதே முதல் பகுதியில், கொலை நடந்த இடத்தில் எழுதியிருக்கும் 'ராஹே' (RACHE) என்ற எழுத்துகளும் இப்படித்தான். 1887இன் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், எழுதி முடிக்காத 'ரேச்சல்' (Rachel) அது என்பார் போலீஸ்காரர் லெஸ்ட்ரேட். இல்லை, ஜெர்மனில் பழி என்று பொருள் என்பார் ஹோம்ஸ். தொடரில் ஜெர்மன் விளக்கம் போலீஸ் தடயவியல் ஆள் ஆண்டர்சன் வாயில் வருகிறது, ரேச்சல்தான் சரி. வெறும் தலைகீழாக்கலோடு விடவில்லை, அந்தப் பெயரே கடவுச்சொல்லாகி, கொலையானவரின் போன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

சொதப்பலுக்குப் பெரிய காரணம் நேரம். டாயலின் 60 ஹோம்ஸ் கதைகளில் 56 சிறுகதைகள், ஒரே அமர்வில் படித்துவிடலாம். அதை 90 நிமிடத்துக்கு இழுக்கும்போது புதிர் போதாமல் துப்பறிவாளரின் குடும்பத்தையும் கடந்த காலத்தையும் போட்டு நிரப்புகிறார்கள். 'ஷெர்லாக்'கின் நான்காம் பருவம் (2017) இதில்தான் சரிந்தது. அங்கே வழக்கே ஹோம்ஸ்தான்.

இன்னொன்று, கதையின் தீர்ப்பையே புரட்டிவிடுவது. ஐரீன் ஆட்லர் என்ற பெண் 1891இன் 'எ ஸ்காண்டல் இன் பொஹீமியா' கதையில் ஹோம்ஸை ஜெயித்துவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார். அவர் முன்னுக்கு வந்து நிற்கும் கதை அது ஒன்றுதான். 'ஷெர்லாக்'கின் 2012 வடிவத்தில் அவர் போனின் கடவுச்சொல்லை ஷெர்லாக் உடைக்கிறார், கடைசியில் அவரைக் காப்பாற்றவும் செய்கிறார். நடிப்பு அபாரம், ஆனால் அந்தப் பாத்திரத்தின் எலும்பையே உருவிவிட்டார்கள்.

'எலிமென்ட்டரி' (2012–2019) மேலுக்கு இன்னும் துணிச்சலானது: நியூயார்க், போதைப் பழக்கத்திலிருந்து மீளும் ஹோம்ஸ், அவரைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட முன்னாள் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோன் வாட்சன். ஐரீனும் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியும் ஒரே ஆள். கேட்டால் அபத்தமாகத் தோன்றும். ஆனால் முதல் பருவ முடிவில் அந்த மோரியார்ட்டியின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பவர் வாட்சன். கண்காணிக்க வந்தவர் துப்பறிவாளராகவே வளர்கிறார், அதனால் இரட்டை வேடமும் செரித்துவிடுகிறது.

வாட்சன் விஷயத்தில் கேமராவுக்கு ஒரு சிக்கல் உண்டு. நூலில் அவர்தான் கதைசொல்லி, அவருக்குப் புரியாதது நமக்கும் புரியாது. திரையிலோ ஹோம்ஸ் பார்ப்பதையெல்லாம் நாமும் பார்த்துவிடுவோம். கவனித்தவற்றைத் திரையிலேயே எழுத்தாக மிதக்கவிட்டது 'ஷெர்லாக்' கண்ட வழி. கவனித்ததைக் காட்டிவிட்டு, அதிலிருந்து அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க, ஐரீன் கதையைப் படியுங்கள். பிறகு ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த கிரனாடா தொலைக்காட்சித் தொடரின் 1984 பகுதி, அதன்பின் 'ஷெர்லாக்'கின் 2012 பகுதி. முடிச்சு அவிழுமுன் நிறுத்தி, அதுவரை காட்டிய தடயங்களை எழுதிவையுங்கள். அவிழ்ப்புக்குப் பயன்பட்ட தடயம் உங்கள் தாளில் வந்திருக்க வாய்ப்பே இல்லையென்றால் ஆட்டம் நேர்மையாக ஆடப்படவில்லை. 'ஷெர்லாக்'கின் 2010 முதல் பகுதி இதில் தேறிவிடும்: டாக்சியைத் துரத்திப் பிடித்து உள்ளே இருந்த பயணியை மட்டும் பார்ப்பார்கள், கொலையாளியான ஓட்டுநரும் அதே காட்சியில்தான் உட்கார்ந்திருப்பார்.