வீட்டுப் பத்திரமும் ஜப்பான் படிப்பும்

அன்புள்ள ஐயா,

வளசரவாக்கத்தில் இருக்கிறேன். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டேன். லண்டனில் ஜப்பானியவியல் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரு நாட்டையோ பகுதியையோ பற்றிப் படிக்கிற 'ஏரியா ஸ்டடீஸ்' வகை. ஒரு வருடப் படிப்பு, எல்லாம் சேர்த்து 30 லட்சம். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க அப்பா சம்மதித்துவிட்டார். "ஏரியா ஸ்டடீஸ் சோறு போடுமா? அந்தப் பணத்துக்கு எம்.பி.ஏ. படி" என்கிறார் மாமா. உலகத் தரவரிசையில் நல்ல இடத்தில் உள்ள பல்கலைக்கழகம். போட்ட பணம் திரும்பி வருமா?

ம.

அன்புள்ள ம.,

மாமா சொல்வதை விடுங்கள். தரவரிசையையும் விடுங்கள், அதை வைத்து யாரும் தவணை கட்டியதில்லை. 30 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 41,000 ரூபாய். படிக்கும்போது தவணை இல்லை என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதுவும் அசலோடு சேர்ந்தால் தவணை இன்னும் ஏறும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். லண்டன் இருக்கிறது, தரவரிசை இருக்கிறது, மாமாகூட இருக்கிறார். ஜப்பானிய மொழி ஒரு வரியில்கூட இல்லை. உண்மையில் கோபம் வந்தது.

போன வாரம் மின்சார ரயிலில் ஒரு பெண் ஜப்பானிய மொழியின் கான்ஜி எழுத்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்தார். அதிலிருந்து எனக்கு வேறு ஒருவர் நினைவாகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

இருபது வருடங்களுக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கார் கம்பெனிக்குப் பாகம் செய்து தருகிற சின்ன யூனிட். ஜப்பானிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். மொழிபெயர்க்க ஒருநாள் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை அழைத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் அவர் மடியில் ஒரு கட்டு அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தார். திருப்பினால் பாதி பிள்ளையார் தெரிந்தது.

பேச்சு முடியும்போது வந்தவர்களில் மூத்தவர் "கென்தோ ஷிமாஸ்" என்றார். "பரிசீலிக்கிறோம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தார் அந்தப் பெண். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாளே புது மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார். வண்டி கேட்டைத் தாண்டியதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "சார், அவங்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்த இடத்துல அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க."

முதலாளி கொடுக்கவில்லை. ஆர்டரும் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது 1,500 ரூபாய். வவுச்சர் எழுதியவன் நான். அவர் காப்பாற்றிக் கொடுத்தது பல லட்சம்.

அம்மா, ஏரியா ஸ்டடீஸ் என்பதன் விலை அங்கேதான் இருக்கிறது. ஒரு வார்த்தையின் பொருள் அகராதியில் ஒன்று, ஆலை வாசலில் வேறொன்று. அந்த வித்தியாசம் தெரிந்தவருக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. மொழி இல்லாமல் அந்த வாசல் வரைக்கும்கூடப் போக முடியாது. வெறும் பட்டத்தோடு போனால் உங்களுக்குத் தெரிந்திருப்பது ஜப்பானைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை மட்டுமே. அது லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கிறது.

இந்தத் துறை வளர்ந்த கதையும் இதுதான். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் 1958இல் ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஏரியா ஸ்டடீஸ் மையங்களுக்குப் பணம் கொட்டியது அதன் ஆறாம் பிரிவு. அந்தப் பிரிவின் தலைப்பே 'மொழி வளர்ச்சி'தான்.

ஜப்பானிய வரலாற்று அறிஞர் நொபொரு கராஷிமாவை நினைத்துப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழும் கல்வெட்டும் படித்தார். சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எல்லாம் ஆய்வாளர்கள் சுப்பராயலு, மட்சுயி இருவரோடும் சேர்ந்து தொகுத்து 1978இல் வெளியிட்டார். சோழர்களைப் பற்றி இங்கிலீஷில் வந்த புத்தகங்களோடு அவர் நின்றிருந்தால் அதைச் செய்திருக்க முடியுமா? அவர் தமிழுக்குச் செய்ததை நீங்கள் ஜப்பானிய மொழிக்குச் செய்யத் தயாரா?

தயார் என்றால் லண்டன் இப்போது வேண்டாம். சென்னையிலேயே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கிற ஜேஎல்பிடி தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் இங்கேயே நடக்கிறது. அடிப்படை நிலையான என்5-இல் தொடங்கி மேல்நிலையான என்2 வரைக்கும் ஏறுங்கள், சில வருடம் ஆகட்டும். அப்புறம் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் கட்டணம் இல்லை, விமானச் செலவும் மாதப் படியும் அவர்களே தருகிறார்கள். அதற்குக் கடுமையான போட்டி இருக்கும். இருக்கட்டும், உங்களுக்கு 21 வயதுதானே?

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மகளுக்காக வீட்டையே எடுத்து நீட்டுகிற மனிதர். பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் தேர்வுக்குப் பெயர் கொடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.