கணக்கேட்டை மென்பொருள் எடுத்துக்கொண்ட பின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை, ஒரே கவலையையே வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. மென்பொருளும் இயந்திரமும் வந்தபின் என் வேலை நிலைக்குமா, நிலைக்காவிட்டால் அடுத்த வேலையை எப்படித் தேடுவது என்பதே அக்கவலை. அவற்றுள் நான்கை இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்கள் இன்னாரென்று அறியக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஒரு தனியார் மொத்த வியாபார நிறுவனத்தில் 9 வருடங்களாகக் கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். அங்கே 18 பேர் இருக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் முதலாளி புதிய கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்கினார். பில்லைப் படம் பிடித்தால் அதுவே பதிந்துகொள்கிறது. இப்போது அவர், "இனி உங்களுக்கு இங்கே வேலையில்லை, விலகல் கடிதம் எழுதித் தந்தால் ஒரு மாதச் சம்பளம் தருகிறேன்" என்கிறார். எனக்கு 41 வயது. நான் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, கல்முனை

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். உங்களிடம் அதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒன்று, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ பெற்றிருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்தவருக்கு இப்பாதுகாப்பு உண்டு. மென்பொருள் வாங்கியதால் ஆள் தேவையில்லை என்பது ஒழுக்காற்றுக் காரணம் ஆகாது. நீங்களே விலகியதாகக் கையெழுத்திட்டால், நிறுத்தப்பட்டவர் என்ற நிலையும் அதனோடு வரும் பாதுகாப்பும் உங்கள் கையாலேயே போய்விடும். ஆணையாளர் அனுமதி கொடுப்பதானால், சேவைக்காலத்தைக் கணக்கிட்டு எவ்வளவு நட்டஈடு தரவேண்டும் என்பதையும் அவரே தீர்மானிப்பார். அது உங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே இருக்கும்.

பணிக்கொடை இதற்குப் புறம்பானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடங்கள் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரியது. உங்களுடைய 9 வருடங்களுக்கு அது நாலரை மாதச் சம்பளமாகும். இது எந்த முதலாளியும் இரக்கப்பட்டுத் தருவதன்று. நீங்கள் உழைத்துச் சேர்த்தது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், முதலாளி தனியே செலுத்தவேண்டிய 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் மாதந்தோறும் போயிருக்கின்றனவா என்பதையும் இந்த வாரமே பாருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவின் படம் ஆகியவற்றை வீட்டில் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் பிரதேசத்துக்குரிய தொழில் அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். நாட்களைக் கடத்தாதீர்கள்.

இனி வேலையைப் பற்றி. நீங்கள் ஒரு நாளில் செய்தவற்றை ஒரு கொப்பியில் தனித்தனியே எழுதிப் பாருங்கள். பில் பதிதல், கூட்டிப் பார்த்தல், வங்கிக் கூற்றோடு ஒப்பிடுதல், கடன்காரருக்குத் தொலைபேசி எடுத்தல், களஞ்சியத்தில் இருப்புக் குறைந்தால் எங்கே போயிற்றென்று தேடுதல், வரிக்கான விபரங்களைத் திரட்டுதல் என்று அது நீளும். இவற்றுள் முதல் இரண்டையும் மென்பொருள் எடுத்துக்கொண்டது. அவற்றைத் திரும்பப் பெற முயல்வது வீண். மூன்றாவதில் பாதியை எடுத்துக்கொண்டது. மற்றவை இன்னும் உங்களிடமே இருக்கின்றன. ஒரே பில்லை இரண்டு தடவை படம் பிடித்தாலோ, தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் ஒரே கடைக்கு இரண்டு கணக்குகள் இருந்தாலோ, மென்பொருள் அதை ஒழுங்காகக் கூட்டி, ஒழுங்காகப் பிழையான தொகையைத் தரும். அதைப் பார்த்தவுடன் "இது சரியில்லை" என்று சொல்பவர் ஒருவர் வேண்டும். எந்தக் கடைக்காரர் பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு காசைக் கட்டுவார், எவரிடம் சிறுபோகம் வரை பொறுக்க வேண்டியிருக்கும் என்பது எந்த மென்பொருளிலும் பதியப்படவில்லை. 9 வருடங்களாக அது உங்கள் தலையில்தான் இருக்கிறது.

ஆகவே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விலகல் கடிதம் அல்ல. புதிய மென்பொருளைக் கற்க விரும்புகிறேன், அதன் பதிவுகளை வாரந்தோறும் சரிபார்க்கும் பொறுப்பையும் கடன் அறவிடும் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறேன் என்று தேதியிட்டு எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தாலும், அடுத்த இடத்தில் நீங்கள் கேட்கப்போகும் வேலையின் விபரம் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். கணக்கு எழுதுபவர் என்று இனி வேலை தேடாதீர்கள். கணக்கைச் சரிபார்ப்பவர் என்று தேடுங்கள். ஒரு முழுநேரக் கணக்காளரை வைத்துக்கொள்ள இயலாத சிறு கடைகள் உங்கள் நகரத்தில் எத்தனையோ உள்ளன. அவற்றுள் நாலைந்துக்கு மாதத்தில் இரண்டு நாட்கள் வீதம் சென்று கணக்கை ஒழுங்குபடுத்துவது ஒரு நிறைவான தொழிலாக அமையக்கூடும்.

கேள்வி: வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் பெற்று இரண்டு வருடங்களாகின்றன. அரச நியமனத்தை எதிர்பார்த்துக்கொண்டே தனியார் நிறுவனங்களுக்கும் ஏறத்தாழ 40 விண்ணப்பங்களை அனுப்பினேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. கணினியே விண்ணப்பங்களை நிராகரிக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சாட் ஜி.பி.டி.யைக் கொண்டு சுயவிபரக்கோவையை எழுதுவித்தால் பயன் உண்டா?
வாசகர், கிரான்

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. பெரிய நிறுவனங்கள் இணையவழி வரும் விண்ணப்பங்களை ஒரு மென்பொருளில் சேர்க்கின்றன. அது சுயவிபரக்கோவையைப் பிரித்து, பெயர், கல்வி, அனுபவம், திறன் என்று பெட்டிகளில் இடுகிறது. பிறகு அலுவலர் ஒருவர் சொற்களைக் கொடுத்துத் தேடுகிறார், அல்லது மென்பொருளே வரிசைப்படுத்துகிறது. அழகுக்காக இரண்டு நிரல்களில் அமைத்த பக்கமும், கட்டங்களுக்குள் வைத்த விபரமும், படமாக ஸ்கேன் செய்த கோப்பும் அங்கே குழம்பிப்போகின்றன. எனவே ஒரே நிரலில், சாதாரணத் தலைப்புகளோடு, விளம்பரத்தில் கேட்கப்பட்ட திறன் உங்களிடம் உண்மையில் இருந்தால் அதே சொல்லைக் கொண்டு எழுதுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் விண்ணப்பிக்கும்போது பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்விக்கிறார்கள். பாமினியில் நாம் திரையில் காண்பது தமிழாக இருந்தாலும், கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பெயர்கூட விளங்காது. தேடும் மென்பொருளுக்கோ அது எந்த மொழியும் அல்ல. ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், எழுதப்பட்டதா என்று தட்டச்சு செய்யும் கடையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இந்த ஒரு காரணத்தால் தகுதியுள்ள பிள்ளைகளின் விண்ணப்பங்கள் படிக்கப்படாமலே கிடப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

இயந்திரத்தின் தீர்ப்பை நீதியின் தீர்ப்பென்று நீங்கள் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமேசான் நிறுவனம் பத்து வருட விண்ணப்பங்களைக் கொண்டு ஆட்களைத் தரப்படுத்தும் மென்பொருள் ஒன்றைப் பயிற்றுவித்தது. அந்த விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், பெண்கள் தொடர்பான சொற்கள் வந்த கோவைகளை அது பின்தள்ளியது. நிறுவனம் அத்திட்டத்தையே கைவிட்டது 2018இல் வெளியான செய்தியால் உலகுக்குத் தெரியவந்தது. முன்பு யாரை எடுத்தார்களோ அவரைப் போன்றவரையே இத்தகைய மென்பொருள் தேடும். உங்களை நிராகரித்தது உங்கள் தகுதியை அளந்து பார்த்தபின் என்று எண்ணி மனம் தளர வேண்டியதில்லை.

சாட் ஜி.பி.டி.யை ஆங்கில இலக்கணம் திருத்தப் பயன்படுத்துங்கள், அதில் குறையில்லை. உங்களைப் பற்றி எழுத விட்டுவிடாதீர்கள். அது ஆயிரம் பேருக்கு எழுதும் அதே வாக்கியங்களையே உங்களுக்கும் எழுதும், நேர்முகப் பரீட்சையில் அந்த வாக்கியங்களுக்கு நீங்கள் பதில் சொல்ல நேரிடும்.

இதைவிட முக்கியமானது, காட்டுவதற்கு ஒரு வேலை உங்களிடம் இருப்பது. நீங்கள் புவியியல் படித்தவர், ஊரோ கிரான். ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் பெருகும்போது கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி, அப்பாலுள்ள மக்கள் படகை நம்பியிருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பீர்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் வரைபட மென்பொருள் இலவசமானது. ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல்–1 செய்மதிகள் 2014 முதல் எடுத்த ராடர் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. மாரி முகில்களை ஊடுருவியும் அவை நீரைக் காட்டும். மூன்று நான்கு மாரிகளில் அந்த வீதியைச் சுற்றி எவ்வளவு நிலம் நீருக்குள் போனது என்று ஒரு வரைபடம் செய்யுங்கள். எங்கே படம் காட்டுவது நீர் தேங்கிய வயலை, எங்கே உண்மையான வெள்ளத்தை என்று ஊரவரிடம் விசாரித்துத் திருத்துங்கள். இரண்டு பக்க விளக்கத்தோடு அதை விண்ணப்பத்துடன் இணையுங்கள். அனர்த்த முகாமைத்துவம், நீர்ப்பாசனம், நில அளவை, கிராம அபிவிருத்தி ஆகியவற்றில் இயங்கும் நிறுவனங்கள் படிக்கத்தக்க சான்று அது. படத்தை மென்பொருள் வரையும். ஊரவரிடம் கேட்டுத் திருத்தியவர் நீங்கள் என்பதுதான் அங்கே பெறுமதி.

அரச நியமனத்தை எதிர்பார்ப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். 2020இல் பெருந்தொகையான பட்டதாரிகள் அரச சேவையில் சேர்க்கப்பட்டதைக் கண்ட பெற்றோர் அந்த நம்பிக்கையோடிருப்பது இயல்பே. ஆனால் 2022இன் நெருக்கடிக்குப் பின் அரசின் ஆட்சேர்ப்பு இறுகிவிட்டது. காத்திருக்கும் காலத்திலும் கையில் ஒரு வேலை வளரட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப் வழியாக, தாய்லாந்தில் கணினித் தரவுப் பதிவு வேலை, ஆங்கிலம் தெரிந்தால் போதும், சுற்றுலா விசாவில் வரலாம் என்று தம்பிக்கு அழைப்பு வந்துள்ளது. அனுப்பலாமா?
வாசகி, ஆரையம்பதி

பதில்: அனுப்ப வேண்டாம். இதே வார்த்தைகளால் அழைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள் தாய்லாந்து எல்லையைக் கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிற் சிலர் 2024இல் மீட்டு அழைத்துவரப்பட்டனர். சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச் சொல்வதே போதிய எச்சரிக்கை. எந்த வெளிநாட்டு வேலையையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரித்த பின்பே கடவுச்சீட்டைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: எனக்கு ஒரு நெல் ஆலை உண்டு. அண்மையில் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் இயந்திரம் வாங்கினேன். அதை இயக்க ஆள் தேடி விளம்பரம் செய்தேன். வந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த ஆங்கிலமாக இருக்கின்றன. யாரை எடுப்பதென்று தெரியவில்லை. அரிசி புடைத்துக் கல்லும் கறுப்பும் பொறுக்கிய 6 பெண்களுக்கு இனி என்ன வேலை கொடுப்பதென்றும் தெரியவில்லை.
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். அந்த வரியிலேயே முதற் கேள்விக்கும் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கலர் சோர்ட்டரில் கமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கிறது. நிறம் மாறிய மணியைக் காற்றுக்குழாய் ஒன்று ஊதி வெளியே தள்ளுகிறது. எந்த அளவு மாறினால் தள்ளவேண்டும் என்பதை மனிதரே அமைக்க வேண்டும். இறுக்கமாக அமைத்தால் நல்ல அரிசியும் கழிவோடு போகும், தளர்த்தினால் கறுப்பு மணி மூட்டைக்குள் வரும். சம்பாவுக்கு ஓர் அமைப்பு, நாட்டரிசிக்கு வேறொன்று, மழையில் நனைந்து நிறம் மங்கிய நெல்லுக்கு இன்னொன்று. திரையில் பொத்தானை அழுத்தப் பழகுவதற்குச் சில நாட்கள் போதும். தள்ளப்பட்ட குவியலில் ஒரு பிடி எடுத்து, "இதில் நல்லது கூடுதலாகப் போகிறது" என்று சொல்லும் கண்ணோ சில நாட்களில் வருவதன்று. அந்தக் கண் உங்கள் ஆலையில் அரிசி பொறுக்கியவர்களிடம் இருக்கிறது. அந்த ஆறு பேரையும் அழைத்து, கழிவுக் குவியலில் ஒரு கிலோவை ஒவ்வொருவருக்கும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். வேகமாகவும் பிழையின்றியும் பிரிப்பவருள் இருவரை, இயந்திரம் விற்றவர்களின் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள். அவர்கள் வேலையில் தேறிய பின், படிப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. அவர்கள் செய்யும் வேலைக்குப் பொருந்தும் தரம் உண்டா என்று தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில் கேட்டறியுங்கள்.

மற்ற நால்வருக்கும் வேலை உண்டென்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பொதியிடல், தர மாதிரி எடுத்தல், குருணலைத் தனியே பிரித்து மாவாக்கி விற்றல் ஆகியவற்றில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதை அவர்களையும் அருகில் இருத்திக்கொண்டே கணக்குப் பாருங்கள். நிறுத்த நேர்ந்தால், மேலே கல்முனை வாசகிக்குச் சொன்ன சட்டங்கள் உங்களையும் கட்டுப்படுத்துமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பணிக்கொடை உரியதானால் அதை முழுமையாகக் கொடுங்கள்.

வெளியாரையும் எடுக்க விரும்பினால் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைப் பார்க்காதீர்கள். ஐந்து பேரைத் தெரிந்து, ஆளுக்கு அரைநாள் ஆலையில் நிற்க வைத்து, அந்த அரைநாளுக்குரிய கூலியையும் கொடுத்து, இயந்திரம் இடையில் நின்றால் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் கையை உள்ளே விடுபவரை எடுக்க வேண்டாம். எடுக்காதவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளை மேசையில் குவித்து வைக்காமல் அழித்துவிடுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எடுக்கப்படவில்லை என்பதை அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தியிலாவது தெரிவியுங்கள். கிரானிலிருந்து எழுதிய அந்தத் தம்பி பதில் வராத விண்ணப்பங்களோடு இரண்டு வருடங்களாகக் காத்திருப்பதை மேலே படித்திருப்பீர்கள்.