முதலில் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா? விசுவாச வழி ஆலோசனை: கேள்வி பதில்

கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், எதிர்பார்த்ததை விட நிறையவே வந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்கு: வேப்பேரிப் பக்கம் ஒரு சபையின் ஆலோசனை அறையில் பதினேழு வருடமாக உட்காருகிறேன், செவ்வாயும் சனியும் சாயங்காலம். கவுன்சலிங் சைக்காலஜி படித்தவள். டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் இந்துக்களும் இஸ்லாமியர்களும் உண்டு, அதனால் கேள்விகளும் கலந்துதான் இருக்கின்றன. ஏரியாவைத் தவிர யாருடைய அடையாளத்தையும் போடவில்லை.

கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி: "நாலு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. கவுன்சலிங் போவது விசுவாசக் குறைவு, இன்னும் ஜெபி என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா அக்கா?"

தம்பி, 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒரு தடவை மெதுவாகப் படியுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அப்புறம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'இங்கே உனக்கு என்ன வேலை' என்ற கேள்வியே வருகிறது. அப்போதும் எலியா ஒரே புலம்பலை இரண்டு தடவை சொல்கிறார், இரண்டு தடவையும் ஆண்டவர் முழுதாகக் கேட்டுக்கொள்கிறார்.

யார் வந்தாலும் நான் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரிப்பது அங்கிருந்து கற்றதுதான். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரியவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், அதற்குள் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள், சரியான பிறகும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு இல்லை என்றால் இதுவும் இல்லை. ஜெபத்தை விட வேண்டாம். ஆனால் உங்கள் வாயை அடைப்பதற்கு யாரும் ஜெபத்தைப் பயன்படுத்த விடாதீர்கள்.

கே.கே. நகர் சகோதரி: "கவுன்சலிங் நடக்கும்போது ஜெபம் செய்வீர்களா?"

கேட்டுவிட்டுத்தான். ஒரு பெண் முதல் நாளே 'வேண்டாம், என் அப்பா என்னை அடித்துவிட்டுத்தான் ஜெபிப்பார்' என்று சொன்னாள். நாலு வாரம் நாங்கள் பேசிக்கொண்டு மட்டும்தான் இருந்தோம். ஐந்தாவது வாரம் கிளம்பும்போது அவளாகவே, 'இன்றைக்கு ஒரு சின்ன ஜெபம் செய்யலாமா' என்று கேட்டாள். அன்றிலிருந்து யாரிடமும் கேட்காமல் நான் கண்ணை மூடுவதில்லை.

அம்பத்தூரிலிருந்து கல்லூரி மாணவர்: "ஜெபிக்க உட்கார்ந்தாலே ஆண்டவரைப் பற்றி அசிங்கமான வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. நானாக நினைப்பதில்லை. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று மத்தேயு 12ல் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு மன்னிப்பு உண்டா?"

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கண்ணா, அந்த வார்த்தைகள் உன்னை இவ்வளவு துடிக்க வைக்கின்றன என்பதே அவை உன் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம். அந்த அதிகாரத்தில் இயேசு பேசுவது, அவர் செய்த நன்மையைக் கண்ணால் பார்த்தும் இது பிசாசின் வேலை என்று தெரிந்தே சாதித்தவர்களிடம். பயந்து நடுங்கி அழுகிற பையனிடம் இல்லை. இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனி சொல்ல மாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீ சொல்வது ஓசிடி என்கிற நோயின் ஒரு வகை போலத் தெரிகிறது. வேண்டாத எண்ணம் விடாமல் வரும், அந்தப் பயம் தணிய ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும். சிலருக்கு அது கை கழுவுவதில் வரும், சிலருக்குக் கதவைப் பூட்டினோமா என்று பார்ப்பதில் வரும், பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மயிலாப்பூரில் ஒரு மாமி பூஜை அறைக்குள் போகவே பயந்துகொண்டிருந்தார், இதே காரணம்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளுவைச் செய்து முடித்து, சரியாகச் செய்தோமா என்று மறுபடி மறுபடி செய்கிற இஸ்லாமியத் தம்பிகள் வந்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் அதை வஸ்வாஸ் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போதகர் ஜான் பனியன் இதே வேதனையைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதி வைத்திருக்கிறார். நீ தனி ஆள் இல்லை.

இது எப்படி வளர்கிறது என்று பார். கெட்ட எண்ணம் வருகிறது, பயம் வருகிறது, உடனே மன்னிப்புக் கேட்கிறாய், ஐந்து நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் வலை. மன்னிப்புக் கேட்டதால்தான் தப்பித்தோம் என்று மூளை பழகிக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் அவசரமாகக் கேட்க வைக்கிறது. வலுக்கட்டாயமாக நினைக்காமல் இருக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாக வரும், அது எல்லா மனித மனத்துக்கும் உள்ள இயல்பு. நீ என்னிடமோ பாஸ்டரிடமோ 'மன்னிப்பு உண்டா' என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அதே வலையில்தான் சேரும். அதனால்தான் ஒரு தடவைக்கு மேல் பதில் சொல்ல மாட்டேன் என்றேன், உன்மேல் இருக்கிற அக்கறையால்தான்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டு, மன்னிப்புக் கேட்கிற அந்தச் சடங்கைச் செய்யாமல் பயத்தோடு உட்காரப் படிப்படியாகப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு, முழுப் பலனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். மனநல மருத்துவரைப் பார். உன் பாஸ்டரிடம் இந்தப் பதிலைக் காட்டு, அவர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒவ்வொரு தடவையும் பாவ அறிக்கை ஜெபம் நடத்தாமல் இருப்பது.

வியாசர்பாடி சகோதரி: "என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்கார வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்கலாம் என்று ஒரு ஊழியக்காரர் சொல்கிறார்."

அம்மா, தயவு செய்து டாக்டர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உளறுவார், உடம்பு நடுங்கும், வியர்த்துக் கொட்டும். கூடியிருப்பவர்கள் பிசாசு புறப்படுகிறது என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபிப்பார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது. முதலில் ஆஸ்பத்திரியில் வைத்து உடம்பைச் சரி பண்ண வேண்டும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் பார்க்கலாம், இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே நடக்கிறது. வெளியே வந்த பிறகு ஏ.ஏ. கூட்டம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். உபவாசம் நீங்கள் இருங்கள், அவர் சாப்பிடட்டும்.

பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி: "கணவர் அடிக்கிறார். எழுபது தரம் ஏழு மன்னிக்க வேண்டும் என்கிறார்கள். சபையில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசலாம் என்கிறார்கள். போகலாமா?"

போக வேண்டாம். அடி இருக்கும் வீட்டில் தம்பதியாக உட்காரும் கவுன்சலிங் ஆபத்து. அந்த அறையில் நீங்கள் உண்மை பேசினால் அதற்கான அடி வீட்டில் விழும், பேசாவிட்டால் 'இரண்டு பக்கமும் தவறு' என்று முடித்து அனுப்புவார்கள்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வருடத்தில் ஒரு பெண்ணையும் அவள் கணவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார், நானும் நம்பி இருவர் கையையும் சேர்த்து வைத்து ஜெபித்து அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை அவள் கையில் கட்டோடு வந்தாள். அது என் தவறு. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்றைக்கும் அந்தப் பாரம் இருக்கிறது.

மன்னிப்பது வேறு, அடிபடும் இடத்தில் இருப்பது வேறு. மல்கியா 2:16ல் தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, தேவன் வெறுக்கிறார் என்ற முதல் பாதியை எல்லோரும் சொல்வார்கள், அதே வசனத்தின் மறுபாதி கொடுமையைக் கண்டிப்பதை யாரும் வாசிப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் அந்த வீட்டிலேயே பாதுகாப்போடு வசிக்க உத்தரவு வாங்கலாம், பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள், அவசரம் என்றால் 112. ஆதார், நகை, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இன்றே வைத்துவிடுங்கள். அவர் திருந்த விரும்பினால் அதற்கு அவர் தனியாக, வேறு ஒருவரிடம் வரட்டும்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி: "நான் இந்து, அவர் கத்தோலிக்கர். குழந்தைக்கு ஞானஸ்நானமா, குலதெய்வக் கோயிலில் மொட்டையா என்று வீடே ரெண்டாகிக் கிடக்கிறது."

ஒரு விஷயம் தெளிவாகட்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பின்படி, கலப்புத் திருமணத்தில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பவர் கத்தோலிக்கத் துணை மட்டும்தான். அந்த வாக்கு உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டதாக யாரும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன் இதை அவர் உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் சண்டை குழந்தையைப் பற்றியதே இல்லை, அந்த மௌனத்தைப் பற்றியது. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டு அம்மாக்களும் இல்லாத ஒரு மாலை பெசன்ட் நகர் பீச்சுக்குப் போங்கள். ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும், மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று வந்த பிறகுதான் முறை மாறும். அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லும்போது அவரவர் அம்மாவிடம் அவரவர் பேசுங்கள், மாமியாரிடம் போய்ப் பதில் சொல்ல மருமகளை அனுப்பாதீர்கள்.

பெரியமேடு சகோதரர்: "தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது. அம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்கிறார். மாத்திரையும் ஓடுகிறது."

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். ஜியாரத் போய்வரட்டும், துஆ கேட்கட்டும், மாத்திரைப் பை கூடவே போகட்டும். அங்கேயே விட்டுவிட்டு மட்டும் வர வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை முழுதாகத் தடை செய்திருக்கிறது. அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பு இருக்கிறது, டாக்டர் சாரதா மேனன் 1984ல் இப்படிக் குரல் கேட்கிற மனச்சிதைவு நோய்க்கென்றே ஆரம்பித்தது. அங்கே குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவார்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

தாம்பரம்: "தங்கை மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். 21 நாள் உபவாசம் இருக்கலாமா?"

கூடாது. சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

போரூர்: "சபையில் கவுன்சலர் என்று இருப்பவரை எப்படி நம்புவது? சொல்வது வெளியே போகாதா?"

கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால், விசேஷ ஜெபத்துக்குத் தனிக் காணிக்கை கேட்டால், உங்கள் கதையை மேடையில் சாட்சியாகச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

ரகசியம் காப்பேன், இரண்டு இடத்தில் தவிர. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாரிடம் சொல்வேன். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்வேன், 2012 போக்சோ சட்டப்படி சொல்லியாக வேண்டும், 'சபை பேர் கெடும்' என்பதற்கு அங்கே இடமில்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா: "என் மகன் போன வருடம் தற்கொலை செய்துகொண்டான். அவன் ஆத்துமா எங்கே இருக்கும்? கேட்டவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்."

அம்மா, நான் தலையைக் குனிந்துகொள்ள மாட்டேன். நீங்கள் கத்தோலிக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1992ல் வந்த உங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, கடுமையான மன வேதனையும் பயமும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கின்றன, அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று சொல்கிறது. திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. அவனுக்குப் பூசை வையுங்கள், அவன் பேரைச் சத்தமாகச் சொல்லி வையுங்கள். 88ஆம் சங்கீதம் முழுக்கப் புலம்பல், கடைசி வரி வரை இருட்டுதான், அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அப்படியே நீங்களும் அழலாம்.

இரவில் தாங்க முடியாமல் போனால், உங்களுக்கே அந்த எண்ணம் வந்தால், சிநேகாவுக்குப் போன் செய்யுங்கள், 044-24640050. 1986லிருந்து சென்னையில் இதற்காகவே இருக்கிறார்கள். அரசின் மனநல உதவி எண் 14416 எப்போதும் இலவசம், தமிழில் பேசுவார்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் இதே எண்கள்தான்.

பெரம்பூர்: "கணவர் வரமாட்டேன் என்கிறார். நான் மட்டும் வரலாமா?"

வாருங்கள். பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவரை இழுத்து வர வேண்டாம், எங்கே போகிறீர்கள் என்பதை மறைக்கவும் வேண்டாம். நான் என்ன சொன்னேன் என்று கேட்டால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.